கண்ணாடி அறையின் மகிமை

சாஃப்ட்வேர் விற்றவனுக்கு அந்த மொத்த வியாபாரியைக் கண்டாலே இளக்காரம். 'மவுஸைப் பிடிக்கத் தெரியாத ஆளுக்கெல்லாம் நம்ம சரக்கு!' என்று நினைத்துக்கொண்டேதான் பாராட்டு வீடியோ எடுக்க வந்திருந்தான்.

"சொல்லுங்கய்யா, எங்க சாஃப்ட்வேர் வந்தப்புறம் எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க! குடோன்ல சோப்புப் பெட்டி காணாமப் போறது நின்னுபோச்சு. லாரி நேரத்துக்குக் கிளம்புது. கடைக்காரங்க யாரும் கோவிச்சுக்கறதில்ல."

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இவ்வளவுக்கும் முக்கியக் காரணம் எதுன்னு சொல்லுங்க."

"கேமராவை அணைங்க, சொல்றேன்." வியாபாரி கண்ணாடி அறையைக் காட்டினார். உள்ளே ஒருவன் மூன்று திரைகளுக்கு நடுவில் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரியோட தம்பி. முன்னாடி குடோனைப் பார்த்துக்கிட்டான். இப்போ உங்க சாஃப்ட்வேரைப் பார்த்துக்கறான். குடோன் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்ல."

"அப்போ... குடோன்ல எங்க சாஃப்ட்வேர் ஓடலையா?"

"அது எதுக்கு அங்கே? அந்த ரூமைத் தாண்டி நான் விடல."

வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"அவனுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். அடுத்த மாசம் இங்கே வேலைக்கு வர்றான். இதைவிடப் பெருசா ஏதாவது வச்சிருக்கீங்களா?"