முதல் ஆணி

வீட்டுக்கடன் முடிகிறவரை சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று தணிகாசலம் கறாராகச் சொல்லியிருந்தார். "சுவர் இன்னும் பேங்க்காரனோடது, லதா. அடுத்தவன் சுவத்துல ஓட்டை போடலாமா?" அதனால் குடிவந்த நாளிலிருந்து காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. கல்யாணப் படம் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. வந்தவர்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். கடன் அடைந்த அன்றைக்கே அந்தப் படத்தை மாட்ட வேண்டும் என்று ஒரே ஒரு ஆணி வாங்கி, சுத்தியலோடு பரணில் பத்திரப்படுத்தியிருந்தார்.

இன்று வங்கியில் மேலாளர் அம்மாள் பத்திரத்தை லதாவின் கையில் கொடுத்தாள். "சார் கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டுட்டார்மா. அதுல மொத்தமும் கழிஞ்சிடுச்சு. இனிமே வீடு முழுசா உங்களோடது. வாழ்த்துகள்." பழக்கத்தில் வந்துவிட்ட அந்தக் கடைசிச் சொல்லுக்காக மேலாளர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லதா பரணிலிருந்து ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறினாள். சுவர் ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. ஆணியை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தாள். எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்தாள். சுத்தியலை ஓங்கிய கை அப்படியே நின்றது. திரும்பி, நாற்காலியில் மாலையோடு சாய்ந்திருந்த அவர் படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அடிக்கட்டுமா?"