மதில் தாண்டிய ஒயர்

"இந்த ஒயர இழுத்தது யாரு?"

வெள்ளியங்கிரி போட்ட சத்தத்தில் தையல் மெஷின்களே ஒரு நொடி நின்றுவிட்டன.

மெயில் சர்வர் அறையிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டி, அண்ணன் கிட்டுசாமியின் கம்பெனிக்குள் போயிருந்தது அந்த ஒயர். பாகம் பிரித்து நடுவில் மதில் எழுப்பியதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் பசியோடு எழுந்து போய்விடுவார்.

"நான்தானுங்க மொதலாளி" என்றாள், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சாயிரா பானு.

"எதுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளியங்கிரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன மாதம்தான், அண்ணனும் போட்டி போட்ட டென்மார்க் பனியன் ஆர்டரை இவர் விலையைக் குறைத்துக் கொட்டேஷன் அனுப்பித் தட்டிப் பறித்திருந்தார். அந்த வயிற்றெரிச்சலில் அண்ணன் இங்கிருந்து மெயிலைத் திருடுகிறான். இவள் உடந்தை.

"உண்ட ஊட்டுக்கு ரெண்டகமா? கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பு."

கட்டிங் மேஜைக் கத்தரியைக் கொண்டுவந்து ஒயரை நறுக்கினார். "பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டோணும்" என்று சூப்பர்வைசரிடம் பெருமை வேறு.

அதோடு மெயில் நின்றது. மத்தியானம்தான் தெரிந்தது.

சரக்கு கப்பலேறும் விவரம் சாயங்காலத்துக்குள் டென்மார்க் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் கேன்சல். ஆள் விட்டதும், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் சலாவுதீன் நல்லூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான்.

மோடம் கீச்சென்று கத்தியது, இரைந்தது, அடங்கியது. மறுபடியும் கத்தி, மறுபடியும் அடங்கியது.

"மழையில நனைஞ்ச லைனாட்ட இருக்குதுங்க. ஒரே இரைச்சல். இதுல மெயில் போகவே போகாது."

"நேத்து வரைக்கும் போச்சே தம்பி!"

சலாவுதீன் எதையோ தட்டித் திரையைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"நேத்துப் போனது இந்த மோடத்துல இல்லீங்க. மெயில் வெளிய போற வழியவே மாத்தி வெச்சிருக்குது. இங்கிருந்து ஒரு ஒயர்ல பக்கத்துக் கம்பெனிக்குப் போயி, அவங்க மோடம், அவங்க போன் லைன்லதான் வெளிய போயிருக்குது. ரெண்டு மாசமா இதே வழிதானுங்க."

"அப்ப அவன் எங்க மெயில எடுக்கலயா?"

"எங்கீங்க எடுக்கறது? அவங்க லைனக் குடுத்திருக்காங்க. அந்த ஒயர ஒட்டினா இப்பவே போயிரும்."

அறுந்த முனைகளைச் சலாவுதீன் சீவத் தொடங்கினான்.

வெள்ளியங்கிரி வெளியே பெஞ்சைப் பார்த்தார். கணக்கு முடிக்கக் காத்துக்கொண்டு, மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள் சாயிரா பானு.

"ஏம்மா, வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"லைன் சரியில்லைன்னு சொன்னப்ப, 'காரணஞ் சொல்லாத, எப்படியாச்சும் அனுப்பு'ன்னீங்க. ஃபிளாப்பிய எடுத்துக்கிட்டுக் கொட்டற மழையில பிரவுசிங் சென்டருக்கு ஓடிட்டிருந்தேன். உங்கண்ணன், பெரிய மொதலாளி, பாத்துட்டுத்தான் இந்த ஒயரக் குடுத்தாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாருங்க."

வெள்ளியங்கிரி அறுந்த ஒயரைத் திரும்பிப் பார்த்தார். பனங்காயைப் பதம் பார்க்காமல் வெட்டியிருந்தார்.

"அந்த டென்மார்க் கொட்டேஷன்... அதுவும் இதுலயா போச்சு?"

"ஆமாங்க."

"அண்ணனும் அதுக்குத்தானே போட்டி போட்டாரு? தெரியாம லைனக் குடுத்திருப்பாரு."

"தெரியுமுங்க. எனக்கே மனசு கேக்காம, இன்னைக்கு அந்தக் கொட்டேஷன் போவுதுங்க, பரவாயில்லீங்களான்னு கேட்டேன். 'எந்தம்பி வெலையில தோத்தா தோக்கட்டும் கண்ணு, லைன் இல்லாமத் தோக்கக் கூடாது'ன்னாருங்க."