புகார் கொடுத்தவர்

நகராட்சியிலிருந்து வந்த போனை வைத்ததும் ட்ரோல்ஸ் மனைவி லெர்க்கேயைக் கூப்பிட்டுச் சொன்னான்.

யாரோ பெயர் சொல்லாமல் புகார் கொடுத்திருக்கிறார்கள். முற்றத்தில் குழந்தை வண்டியில் தூங்கி எழும் ஒன்பது மாதக் குழந்தை மால்தே அழுகிறானாம். அவன் அம்மா லெர்க்கே சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். இறங்கி வந்து தூக்குவதில்லையாம்.

டென்மார்க்கில் பனி கொட்டினாலும் குழந்தைகளின் பகல் தூக்கம் வெளியே வண்டியில்தான். அதில் குற்றமில்லை. அழுதும் எடுக்கவில்லை என்பதுதான் குற்றம். அது உண்மையென்று பட்டால் நகராட்சி குழந்தையையே எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"கீழ் வீட்டு ப்ரேபன் வேலைதான் இது. நம்மளை விட்டா முற்றத்தைப் பார்த்த ஜன்னல் அவருக்குத்தான் இருக்கு" என்றான் ட்ரோல்ஸ்.

யாராக இருந்தால் என்ன, விட்டுவிடு என்று லெர்க்கே கெஞ்சினாள். அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ப்ரேபன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். கதவைத் திறந்தவரை ட்ரோல்ஸ் பேசவே விடவில்லை.

"எங்க பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போகணும், அதானே உங்க ஆசை? போன் பண்ணது நீங்கதானே?"

ப்ரேபன் ட்ரோல்ஸின் தோளுக்கு அப்பால் பார்த்தார். பிறகு, "ஆமா, நான்தான்" என்றார்.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று யார் கண்டது? ட்ரோல்ஸ் அதிர்ந்து போனான். அந்த அதிர்ச்சி தீர்ந்ததும் வாய் திறந்துகொண்டது. அந்த மனுஷனுக்கு 'வேவுக்காரர்' என்று பெயர் வைத்து வீடு வீடாகச் சொன்னான். வசந்தத்தில் குடியிருப்பே கூடி முற்றத்தைச் சுத்தம் செய்து, சாசேஜ் சுட்டுச் சாப்பிடும் நாளில் ப்ரேபன் மேஜையில் ஒருவரும் உட்காரவில்லை.

நகராட்சி அனுப்பிய குடும்ப ஆலோசகர், போடில் என்பவர், கேமராவோடு வந்தார். மால்தேக்கு லெர்க்கே ஓட்ஸ் கஞ்சி ஊட்டுவதைப் படம் பிடித்தார். மறு வாரம் அதைப் போட்டுக் காட்டினார். லெர்க்கே கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கரண்டியைப் பார்க்கவே இல்லை.

"இவன் என்னையா பார்த்துட்டிருக்கான்?" என்று கேட்டாள் லெர்க்கே. தன்னை அவனுக்குப் பிடிக்காது என்று அதுவரை நம்பியிருந்தாள் பாவி.

குழந்தையை எடுத்துக்கொண்டு போக யாரும் வரவில்லை. போடில் வந்துகொண்டே இருந்தார், லெர்க்கே மெல்லக் குழந்தையின் முகம் பார்க்கப் பழகினாள். கோடை வந்தபோது, மால்தே வண்டியில் சிணுங்கினாலே படியில் அவள் காலடி கேட்டது. அவளைக் கண்டதும் அவன் அழுகையை விட்டுக் கைகளைத் தூக்குவான்.

ஒரு நாள் அதைப் பார்த்த ட்ரோல்ஸுக்கு மனசு உறுத்தியது. பேக்கரியில் இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கி வந்தான்.

"வா, ப்ரேபன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வருவோம். அவர் மட்டும் அன்னிக்குப் புகார் பண்ணலைன்னா நம்ம கதி என்ன?"

லெர்க்கே எழுந்திருக்கவில்லை.

"அவர் பண்ணலை, ட்ரோல்ஸ். நான்தான் பண்ணேன்."

அவன் பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"உன் மேல நீயே புகார் பண்ணியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். பிள்ளை மேல பாசமே வரலை, பயமா இருக்குன்னு சொன்னேன். எந்த அம்மாவுக்காவது பாசம் வராம போகுமான்னு நீ சிரிச்சே. என் பேரைச் சொல்லி உதவி கேக்கவும் வெக்கமா இருந்துச்சு."

"அப்ப அவர் எதுக்கு 'நான்தான்'னு சொன்னாரு?"

"நீ அவர் மூஞ்சிக்கு நேரா கத்திட்டிருந்தே. அவர் உன்னைப் பார்க்கலை. உனக்குப் பின்னாடி நடுங்கிட்டு நின்ன என்னைத்தான் பார்த்தாரு."