படையல் வேண்டாமென்ற நரி

நகரத்துப் பழைய மண்டபத்தின் தூணில் ஒரு கல்சிங்கம் கல்நரியை மிதித்துக்கொண்டு நிற்கிறது. சுவாமிக்குப் பசிக்காது, படையல் வேண்டாம் என்று சொன்ன மதத்துரோகிகளை நரியாகச் செதுக்கவைத்தார் அந்தக் காலத்து ராஜா. நரி தப்பை ஒத்துக்கொள்ளும்வரை காலை எடுக்காதே என்று சிங்கத்துக்கு உத்தரவு.

எழுநூறு வருஷமாக, விடிந்ததும் சிங்கம் கேட்கும்: “சுவாமிக்குப் பசிக்குமா, பசிக்காதா?”

“பசிக்காதுண்ணே.”

“சரி, நாளைக்குக் கேக்கிறேன்.”

பிறகு இரண்டும் தெருவை வேடிக்கை பார்த்தபடி பொழுது சாயும்வரை கதை பேசும்.

போன ஐப்பசியில் இடி விழுந்து நரியின் காது உடைந்தது. மறுநாள் சிங்கம் கேட்கும் முன்பே நரி முனகியது: “பசிக்கும்னே வச்சுக்கோண்ணே. என்னை விட்டுடு.”

சிங்கம் பதறிப்போனது. “வலியில உளறாதடா. நாளைக்குக் கேக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, உடைந்த காதில் மழை படாதபடி பாதத்தை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டது.