கொடைக்கானலுக்கு ஒரு ஜோடி

“கவிப்ரியா மேடமும் நானும் ஒரு ஜோடி உம்மா. ஜோடி ஜோடியாத்தான் ஆடணுமாம்!” என்றான் பாக்கர் தன் தாயிடம் உற்சாகமாக.

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாஷிதாவின் கை அப்படியே நின்றது.

தொண்டியிலிருந்து இறாலும் நண்டும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரம் பாக்கருக்கு. அவனிடம் சரக்கு வாங்குகிற சிங்கப்பூர் முதலாளி ஒரு கோல்ஃப் பைத்தியம். தன்னோடு வியாபாரம் செய்கிறவர்களை எல்லாம் இந்த முறை கொடைக்கானலுக்கு அழைத்திருந்தார். காலையில் ஆட்டம், மாலையில் வியாபாரப் பேச்சு. ஆட்டமே தெரியாத பாக்கருக்குத் துணையாக, அவருடைய சென்னை அலுவலகத்தில் வேலை பார்க்கும் கவிப்ரியாவைப் போட்டிருந்தார்கள். பயணத்தைப் பற்றிப் பேசவும், கொஞ்சம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கவும் அவள் இன்று தொண்டிக்கே வருகிறாள்.

“நானும் வரவா மச்சான்? எங்க ஊர்தானே?” என்று கேட்டாள் மாஷிதா.

“நீ வந்து என்ன செய்யப் போறே? நாங்க எல்லாரும் ஹோட்டல்ல தங்குறோம். உங்க அத்தா வீட்டுக்கு இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேற இருக்கு.”

அவள் மறுபடி தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள். மாமியார் தாஜுன்னிசா மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மகனை முறைத்தாள்.

மதியம் காரில் வந்து இறங்கிய கவிப்ரியா கலகலப்பான பெண். “அக்கா, மீன் குழம்பு பிரமாதம்!” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளை வெறுக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை.

“விடியுறப்பவே ஆரம்பிச்சிடலாம் சார்,” என்றாள் கவிப்ரியா. “அப்பதான் புல்லெல்லாம் பனியில நனைஞ்சு வெள்ளையா இருக்கும். நாம நடந்து போன தடம் மட்டும் பச்சையாத் தெரியும்.”

“அந்நேரத்துல நம்ம ரெண்டு பேரு மட்டுந்தானா?”

“ஆமா சார். எப்பவாவது ஒரு காட்டுமாடு வந்து நின்னு வேடிக்கை பாக்கும்.”

பாக்கர் வாய்விட்டுச் சிரித்தான். குழம்புச் சட்டியை எடுக்க வந்த மாஷிதாவுக்கு வயிறு எரிந்தது. தனக்குரிய இடத்தில் வேறு ஆள் போய் நிற்கப் போகிற கதையை, தானே சோறு போட்டு உபசரித்தபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே!

சாப்பாடு முடிந்ததும் இருவரும் கொல்லைப்புறம் போனார்கள். பாக்கர் புத்தம்புது மட்டையை எடுத்துக்கொண்டு நின்றான்.

“அப்படிப் பிடிக்கக் கூடாது சார்,” என்று கவிப்ரியா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மாஷிதாவின் விரல்கள், கையிலிருந்த கரண்டிக் காம்பை இறுக்கின.

பாக்கர் ஓங்கி வீசினான். மணல் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி வீசினான். இந்த முறை பந்து தட்டுத்தடுமாறிப் போய்க் கோழிக்கூட்டில் மோத, கோழிகள் கொக்கரித்துக்கொண்டு சிதறின. மறுபடியும் சிரிப்பு.

“பாத்துக்கிட்டே நிக்கிறியே புள்ள,” என்று தாஜுன்னிசா மருமகளின் காதருகே வந்தாள். “உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா? நானும் பொம்பளதான். கையைப் பிடிக்கிறதும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறதும்! மலைக்குப் போகக் கூடாதுன்னு போய்ச் சொல்லு. உன் பக்கம் நான் இருக்கேன்.”

“சொன்னா சண்டையாகும் மாமி.”

“ஆகட்டும். எத்தனை நாளைக்குத்தான் உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குவே?”

அந்த வார்த்தை மாஷிதாவை உசுப்பிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள்.

“நீங்க கொடைக்கானலுக்குப் போக வேணாம் மச்சான்.”

பாக்கரின் முகம் சிவந்தது. “வந்தவுக முன்னாடி என்ன பேச்சு இது? என்னையச் சந்தேகப்படுறியா?”

கவிப்ரியா பதறி விலகினாள். “ஐயோ அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இல்ல...”

மாஷிதா கணவன் கையிலிருந்த மட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“யா அல்லாஹ்! அடிச்சுப்புடாத புள்ள!” என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள் தாஜுன்னிசா. பாக்கர் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டான்.

மாஷிதா அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். காலை அகட்டி நின்று, மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், சுழற்றி ஒரே அடி.

பந்து மதிலைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, ஆளில்லாத சவுக்குத் தோப்புக்கு மேலே புள்ளியாகி மறைந்தது.

கவிப்ரியா வாய் பிளந்து நின்றாள். பாக்கர் தலையிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தான்.

“நான் ஆடுன வருசமெல்லாம் அந்தக் கொடைக்கானல் மைதானத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கான கோப்பை எங்க வீட்டுக்குத்தான் வரும். பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க பிரியாணி ஆக்கத் தெரியுமான்னு மட்டுந்தான் கேட்டீக,” என்றாள் மாஷிதா. “நீங்க பிள்ளையப் பாத்துக்கிட்டு இங்கன இருங்க, மேடத்தோட நான் போயிட்டு வாரேன். எனக்கு அவுக மேல பொறாமை இல்ல மச்சான். உங்க மேலதான்!”