படகுத்துறையில் நிற்பவன்

தேவாலயத்தின் கூரையை நான்கு திருகாணிகள் பிடித்திருந்தன. மூன்று வந்துவிட்டன. நான்காவது துருவேறி அசைய மறுத்தது.

தெல்மா ஈரப் புல்லில் முழங்காலை ஊன்றி மறுபடியும் திருப்பினாள். மண்டியிட்ட அவளுக்கு மணிக்கோபுரத்தின் உச்சி தோளளவு இருந்தது.

"மெதுவாவே பண்ணு தெல்மா. எனக்கென்ன, டீ மட்டும் ஆறிப்போகுது," என்றான் டென்ஸில்.

ஊரின் நிஜ தேவாலயத்தைப் பராமரிப்பவன் அவன். இந்தக் குட்டித் தேவாலயத்தை அங்கே பின்னறையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். வேனை வாசலில் நிறுத்தியிருந்தான்.

"சர்ச்சுக்குள்ள ஒரு சர்ச்சு. மழை வந்தா எது மொதல்ல ஒழுகுதுன்னு பந்தயம் கட்டலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் வேனைப் பார்க்கப் போனான்.

மற்ற கட்டடங்கள் முந்தின நாளே ஏலத்தில் போய்விட்டன. அஞ்சலகத்தை ஒரு பல் மருத்துவர் எடுத்தார். ரயில் நிலையத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, இங்கிலாந்தின் கார்ன்வால் கடலைப் பார்த்த ஓர் உருளைக்கிழங்கு வயலில், தெல்மாவின் அப்பா ஹெட்லி தன் ஊரை முழங்கால் உயரத்துக்குக் கட்டினார். சுற்றிலும் தோட்டம் போட்டார். குட்டை மரங்களை நகம் வெட்டும் கத்தரியால் ஒழுங்குபடுத்தினார். கோடையில் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். பிறகு விமானக் கட்டணம் குறைந்தது. அவர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள்.

அவர் கை நடுங்கத் தொடங்கியதும் கத்தரிப்பு நின்றது. மரங்கள் அஞ்சலகத்தைத் தாண்டி வளர்ந்தன. இனி இங்கே விடுமுறைக் குடியிருப்புகள் வரும்.

தெருக்களில் நின்ற விரல் உயர மனிதர்கள் எல்லோரும் ஊரார்தான். அவர்கள் விஷயத்தில் ஹெட்லிக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால், அடக்கம் முடிந்த மாலை, அவருடைய பொம்மையைத் தெருவிலிருந்து எடுத்துத் தேவாலயத்துக்குள் நிறுத்துவார். கூரையைத் திருகி மூடிவிடுவார். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. உள்ளே யாரும் பார்த்ததில்லை.

பெரன் மட்டும் வெளியிலேயே நின்றான்.

தெல்மாவின் தம்பி. அவனுடன் மீன்பிடிக்கப் போன மூவரின் உடல்களைக் கடல் கரையில் ஒதுக்கியது. அவனை ஒதுக்கவில்லை. உடல் வராமல் அடக்கம் கிடையாது என்றாள் அம்மா. அடக்கம் இல்லாததால் அவன் பொம்மை படகுத்துறையில் நின்றது.

குளிர்காலத்தில் பொம்மைகள் எல்லாம் புதுச் சாயத்துக்காகக் கொட்டகைக்குப் போகும். ஈஸ்டருக்கு முதலில் வெளியே வருபவன் பெரன். அம்மா துறைவரை வந்து பார்ப்பாள்.

"காத்து பலமா இருக்கு. கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க," என்பாள்.

ஹெட்லி தள்ளி வைப்பார்.

அந்தப் பொம்மை நிற்கும்வரைதான் அம்மா நிற்பாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தெல்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் ஏலக்காரர்கள் கைவைக்கும் முன்பே பெரனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மற்றொரு பையில் அப்பா இருந்தார். வசந்தத்தில் இறந்தவரை உள்ளே நிறுத்த இன்றுவரை யாருக்கும் கை வரவில்லை.

அம்மா நுழைவுச்சீட்டு அறையில் இருந்தாள். முழங்கால் மடங்காது. மடியில் போர்த்திய கம்பளிக்கு அடியில் கைகளை வைத்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். காலையில், கொட்டகைக் கருவிகள் விற்றுப்போய்விட்டன என்று தெல்மா வந்து நின்றபோது, பின்னல் பையின் அடியைத் துழாவி ஒரு சின்னத் திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள்.

நான்காவது திருகாணி கிரீச்சிட்டது. கூரை கையோடு வந்தது.

உள்ளே கூட்டம். பால்காரர், பள்ளி ஆசிரியை, இரண்டு பாதிரியார்கள். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நிற்பவர்கள் போல எல்லோரும் பீடத்தைப் பார்த்து நின்றார்கள்.

முன்வரிசையில் பெரன்.

தெல்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். பெரன் அங்கேயும் இருந்தான்.

உள்ளே நின்றவனின் முகம் மங்கியிருந்தது. தலைச்சாயம் உரிந்திருந்தது. இவன்தான் முதலில் செய்யப்பட்டவன். அப்பா இவனை என்றோ ஒரு மாலை உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அம்மாவுக்காக இன்னொருவனைச் செய்து துறையில் நிறுத்தியிருக்கிறார்.

வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பாவை அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது விரல் பெரனின் மார்பில் பட்டது. சாயத்தின் வழவழப்பு இல்லை. கம்பளி. மீனவர் போடும் நீலச் சட்டை, கயிறு போன்ற பின்னலுடன்.

யோசிக்க நேரமில்லை. அம்மாவுக்கு இது தெரியக் கூடாது என்பது மட்டும் மனதில் ஓடியது. கூரையை மூடினாள். நான்கையும் இறுக்கினாள். டென்ஸில் இன்னொருவனுடன் வந்து தேவாலயத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

அறைக்குள் வந்து, பளிச்சென்றிருந்த பெரனை அம்மாவிடம் நீட்டினாள்.

"இவனை யாருக்கும் விக்கலம்மா."

அம்மா கைநீட்டவில்லை. கம்பளிக்கு அடியில் ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவன் உங்கப்பா நிம்மதிக்காக நின்னவன். டென்ஸில்கிட்ட குடு, அவன் பேரப்பிள்ளை விளையாடட்டும்."

வெளியே வேன் உறுமியது.

"உள்ள இருக்கறவன் சட்டையை அந்து அரிச்சிருக்கா?"

தெல்மா இல்லை என்று தலையசைத்தாள்.

அம்மா மடிக் கம்பளியை விலக்கினாள். ஊசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை தொங்கியது. தையல் விரலுறைக்குள் அடங்கிவிடும்.

"வண்டியைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு. உங்கப்பா சட்டைக்கு ஒரு கைதான் பாக்கி."