எண்ணெய்த் துளை

மரம் அறுக்கும் மெஷினைச் செயின் இல்லாமல் கொண்டுவந்து ரிப்பேர் கடை மேஜைமேல் வைத்தாள் அந்தப் பெண்.

"செயினுக்கு எண்ணெய் இறங்கலைன்னு வீட்டுக்காரர் சொன்னார்."

மெக்கானிக் செயின் ஓடும் நீளமான பட்டையைக் கழற்றி, எண்ணெய்த் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தார். பிசினாக இறுகிப்போன மரத்தூள் வெளியே வந்தது. மெஷினை ஓடவிட்டதும் எண்ணெய் கசிந்தது.

"அவ்வளவுதாம்மா, அஞ்சு நிமிஷ வேலை. இதைக்கூடப் பார்க்காம ஓட்டினா செயின் காய்ஞ்சு, சூடேறி அறுந்துடும். ஆளையே அடிச்சிடும். என்ன மனுஷர் அவர்? ஒரு எட்டு வரச்சொல்லுங்க, நானே சொல்லித்தர்றேன்."

"வந்தாரே."

"எப்போ?"

"போன திங்கட்கிழமை. இங்கதான் நின்னாராம். நீங்க போன்ல பேசிக்கிட்டே, 'நாலு நாள் கழிச்சு வாங்க'ன்னு கையைக் காட்டினீங்களாம். மறுநாளே வேலை இருந்துச்சு, எடுத்துட்டுப் போனார். செயின் அறுந்து கழுத்துல அடிச்சிடுச்சு. நேத்துதான் அடக்கம் பண்ணினோம்."

அவர் எழுந்து நின்றார்.

"இது பெரிய ரிப்பேரா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன்" என்றவள், மெஷினை எடுக்காமலே படியிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை வந்தவர்களையெல்லாம் மெக்கானிக் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அந்த ஒரு முகம் மட்டும் கடைசிவரை ஞாபகத்துக்கு வரவேயில்லை.